சேதி வந்ததா?

மேடைப்பேச்சைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். பட்டிமன்றம், வழக்காடு மன்றம், கோயில் விழாச் சொற்பொழிவு, கட்சிப் பொதுக்கூட்டம், கதாகாலட்சேபம். தேவாலயத்துப் பிரசங்கத்தை எவரும் அப்பட்டியலில் சேர்ப்பதில்லை. ஞாயிறுதோறும் இந்நாட்டில் எத்தனையோ சிற்றூர்களில் ஒருவர் தமிழில் அரைமணி நேரம் பேசுகிறார். மற்றவர்கள் அமர்ந்து கேட்கிறார்கள். கைதட்டல் இல்லை, நடுவர் தீர்ப்பு இல்லை. எனவே அது பேச்சுக்கலையின் கணக்கில் வருவதில்லை போலும்.

உண்மையில் அக்கணக்கின் முதல் வரிகளில் ஒன்று அங்கேதான் எழுதப்பட்டது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, தமிழிலேயே பிரசங்கிக்கத் தொடங்கினார். ஒரு நூற்பகுதியை வாசித்து, அதைப் பிரித்து விளக்கி, கூடியிருக்கும் எல்லாருக்கும் பொதுவான மொழியில், அவர்களை நேரே விளித்துப் பேசும் முறை அவரோடும் அவருக்குப் பின் வந்தவர்களோடும் இங்கே வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், அம்முறையை உள்ளிருந்தே கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வடிவத்தைக் கொண்டே அவ்வடிவத்தின் சொந்தக்காரர்களை எதிர்த்தார். பின்னர் அது அரசியல் மேடைக்கும் ஏறியது. தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றை ஆராய்ந்த பெர்னார்டு பேட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இத்தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. ஈரோட்டில் பணியாற்றிய எச். ஏ. பாப்ளி என்னும் இலண்டன் மிஷன் பாதிரியார், கர்நாடக இசை பயின்று, நம்மவர் பாடியும் கதைசொல்லியும் கேட்ட முறையில் நற்செய்தியைச் சொல்ல முயன்றார். 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1931இல் திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்த குறள்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆக, வடிவங்கள் அங்குமிங்கும் போய்வந்தன. யாரிடமிருந்து யார் கற்றார் என்னும் ஆராய்ச்சி சுவையானதுதான். ஆனால் பிரசங்கத்தைப் பிரசங்கமாக்குவது அவ்வடிவம்தானா என்னும் ஐயம் எமக்கு உண்டு. அந்த ஐயத்தை ஊட்டியவர், தமிழ் இலக்கியம் எதையும் முறையாகப் படித்திராத எம் தந்தையார்.

எங்கள் ஊர் போத்தனூர். கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வருவதற்கு முன்னரே ரயில் வந்த ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862இல் இவ்வழியே திறக்கப்பட்டது. கோவைக்குக் கிளைப்பாதை வந்தது 1873இல்தான். ரயில்வே குடியிருப்புகளும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஓட்டு வீடுகளும், புளிய மரங்களுமாக வளர்ந்த ஊர். கொடுஞ்செய்தி ஒன்றையும் இந்நிலையம் உலகுக்குச் சொல்ல நேர்ந்தது. 1921 நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிளைக் கைதிகளுள் எழுபது பேர் வரை மூச்சுத்திணறி மாண்டார்கள். பெட்டியின் கதவு திறக்கப்பட்டது போத்தனூரில்தான்.

தந்தையார் இங்குள்ள ரயில்வே சிக்னல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒற்றைத் தடப் பாதையில் ஒரு நிலையத்தார் தம் விருப்பப்படி வண்டியை அனுப்பிவிட முடியாது. அடுத்த நிலையத்தாரை மணியடித்துக் கேட்க வேண்டும். அவர் தம் கருவியிலிருந்து இசைவு கொடுத்தால்தான் இங்கே கைகாட்டியை இறக்கலாம். அந்த இசைவுக்கு ‘லைன் கிளியர்’ என்று பெயர். அத்தகைய கருவிகளோடு வாழ்நாளைக் கழித்த அவருக்குச் ‘செய்தி’ என்ற சொல் மிகத் துல்லியமான பொருள் உடையது. அது நாம் உண்டாக்குவதன்று, மறுமுனையிலிருந்து வருவது. வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கைமாற்றுவதே வேலை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, வீட்டில் ஒரு மூத்தவர் போய்விட்டதைப் போல இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், குடையை ஆணியில் மாட்டிவிட்டு, அன்று கோயிலுக்கு வராதவர் யாராயினும் அவரிடம் தாமே அறிவிப்பார்: “இன்னைக்குச் சேதி வந்துச்சு.” சில வாரங்களில், “இன்னைக்குப் புத்திமதிதான்.” நாமும் தம்பியும் சிறுவராயிருந்தபோது இதை வைத்து அவரைக் கேலி செய்வோம். கோயிலுக்கு வந்து உறங்கிவிட்ட எங்களிடம் அவர் கேட்கும் கேள்வியும் அதுவே: “ஏஞ்சாமி, சேதி வந்துச்சா?”

பின்னர்த் தமிழ் படித்து, இலக்கணம் கற்பிக்கும் தொழிலுக்கு வந்த பிறகுதான் அவருடைய பாகுபாட்டுக்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருப்பது தெரிந்தது. புத்திமதி ஏவல் வினையில் அமைவது: செய், செய்யாதே, திருந்து, கொடு. செய்தியோ இறந்தகால வினைமுற்றில் அமைவது: வந்தார், தேடினார், சுமந்தார், எழுந்தார். கேட்பவர் இனிச் செய்யவேண்டியதைச் சொல்வது ஒன்று. கேட்பவருக்காக முன்பே செய்து முடிக்கப்பட்டதைச் சொல்வது மற்றொன்று. ‘நற்செய்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டு முழுதும் ஏவலில் பேசினால், தபால்காரர் கடிதத்தைத் தராமல் வாசலில் நின்று குடும்பம் நடத்தும் முறையைப் போதிப்பதுபோல் ஆகும்.

பழைய மொழிபெயர்ப்பில் ‘சுவிசேஷம்’ என்றிருக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘நற்செய்தி’. தனித்தமிழ்ப் பற்று உடையவராயினும் எமக்குப் பழைய சொல்மீது ஒரு சாய்வு உண்டு. கொங்குநாட்டில் ‘விசேசமுங்களா?’ என்று ஒரு பெண்ணைக் கேட்டால், கருவுற்றிருக்கிறாயா என்று பொருள். அங்கும் கேட்பவருடைய முயற்சிக்கு வேலையில்லை. நடந்துவிட்ட ஒன்று சொல்லப்படுகிறது. வீடு முழுவதும் அதற்கேற்ப மாறுகிறது.

ஏவலுக்கே இடமில்லையா என்று கேட்கலாம். உண்டு. பவுல் உரோமையருக்கு எழுதிய மடலை எடுத்துக்கொள்வோம். பதினொரு அதிகாரங்களின் பெரும்பகுதியில் கடவுள் செய்ததைச் சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் அதிகாரத்தை ‘ஆகையால்’ என்று தொடங்குகிறார். வரிசையான கட்டளைகள் அதன் பிறகே வருகின்றன. அந்த ‘ஆகையால்’ முன்னே வந்தால் வாக்கியம் நிற்காது. ஒழுக்க உரையாக மட்டும் நிகழும் பிரசங்கங்களிலும், இன்னின்னது செய்தால் இன்னின்ன செழிப்பு வரும் என்று பேரம் பேசும் பிரசங்கங்களிலும் ஒரே இலக்கணப் பிழைதான் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு ‘ஆகையால்’ என்று தொடங்கிவிடுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த நாம்தான் அப்பிழையைச் செய்தோம். அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

எம் தம்பி திருப்பூரில் பனியன் துணிக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துவந்தான். தொழில் நொடித்தபோது, வீட்டில் எவருக்கும் சொல்லாமல் அம்மாவின் நகைகளை அடகு வைத்தான், அவை மூழ்கிப்போயின. 2010இல் வீட்டைவிட்டுப் போனான். அம்மா அதற்கடுத்த ஆண்டு காலமானார். அடக்கத்துக்கு வந்தவன், கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினான். நகைகளுக்கும் அம்மாவின் மரணத்துக்கும் மருத்துவ வகையில் தொடர்பில்லை. ஆயினும் எம் மனம் ஒரு தொடர்பை உண்டாக்கி வைத்திருந்தது.

2012இல் ஒரு ஞாயிறு. குருப்பட்டம் பெறாத சபையார் ஒருவரைப் பிரசங்கிக்கச் செய்யும் நாள் அது. தமிழ்ப் பேராசிரியர் என்பதால் எம்மை அழைத்தார்கள். லூக்கா எழுதியதில் வரும் இளைய குமாரன் கதையை எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம் குறிப்பெடுத்தோம். பிரிவைப் பாடும் பாலைத்திணையிலிருந்து தொடங்கி, குறளைத் தொட்டு, கம்பனுக்குப் போய், தூரதேசத்தில் பன்றி மேய்த்தவனின் பசிக்கு வந்தோம். நாற்பது நிமிடங்கள். பேச்சின் நடுவில் பின் வரிசையைப் பார்த்தபோது, தூணை ஒட்டித் தம்பி அமர்ந்திருப்பது தெரிந்தது. யார் சொல்லி வந்தானோ, தெரியாது. இரண்டாண்டுகளுக்குப் பின் கோயிலுக்குள் வந்திருந்தான்.

அதற்குப் பிறகு நாம் பேசியது சபைக்காக அன்று. “உணருங்கள், எழுந்திருங்கள், செய்ததை ஒப்புக்கொள்ளுங்கள், திரும்பி வாருங்கள்” என்று ஏவல் மேல் ஏவலாக அடுக்கினோம். ஒவ்வொன்றும் எதுகையோடு விழுந்தது. தலையசைத்து ரசித்தவர்களும் இருந்தார்கள். ஆசீர்வாதம் கூறப்படுவதற்கு முன்பே தம்பி எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தோம். தந்தையார் குடையை மாட்டினார். நெடுநேரம் கழித்துச் சொன்னார்: “பேச்சு நல்லா இருந்துச்சு சாமி. சேதி வரல.”

அப்போது எங்கள் சபைக்கு ஆயராக இருந்தவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆயர் என்னும் சொல் எம் வகுப்பறையில் முல்லைத்திணைக்கு உரியது. கத்தோலிக்கர் அச்சொல்லால் மறைமாவட்டத் தலைவரைக் குறிப்பர். தென்னிந்தியத் திருச்சபையில் அவர் பேராயர், ஊர்ச் சபைக்குப் பொறுப்பானவரே ஆயர். மக்கள் வாயில் அவர் எப்போதும் ‘ஐயர்’தான். இந்த ஐயர் தாராபுரம் பக்கத்துக்காரர். பரம்பரையாக ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். கிளுவை வேலி கட்டிய கொறங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டே பள்ளிப் பாடம் படித்தவர். பேச்சில் எந்த அணியும் இராது. பதினைந்து நிமிடங்களைத் தாண்டமாட்டார். வாசித்த பகுதியில் என்ன நடந்தது என்று சொல்வார், அது நமக்கு எப்படிச் செய்தியாகிறது என்று சொல்வார், இறங்கிவிடுவார். ஒரு புனித வெள்ளியன்று மட்டும், 1921இல் நம் நிலையத்தில் திறக்கப்பட்ட அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினார். மூச்சுக்குத் தவித்து இறந்தவர்களின் ஊரில் நின்றுகொண்டு, சிலுவையில் மூச்சுக்குத் தவித்தவரைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தத் தமக்குத் துணிவில்லை என்றார். அன்று தந்தையார் வீட்டுக்கு வந்து ஒன்றும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையிருக்கவில்லை.

எம் பிரசங்கத்துக்கு மறுநாள் மாலை ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திங்கள், செவ்வாய் மாலைகள் அவருக்கு வீடு சந்திக்கும் நாட்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டரில் ரிச்சர்டு பாக்ஸ்டர் என்பவர், எண்ணூறு குடும்பங்கள் அடங்கிய தம் சபையில் ஒவ்வொரு குடும்பத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தனித்துச் சந்தித்து உரையாட வாரத்தில் இரண்டு நாட்களை ஒதுக்கினார். 1656இல் ஆயர்பணி பற்றி நூலும் எழுதினார். எங்கள் ஐயர் அதைப் படித்திருந்தாரா என்று நாம் கேட்டதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேர்வு, எந்தப் பாட்டிக்கு எந்த மாத்திரை என்பது அவருக்குத் தெரியும்.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கதையில ஒரு அண்ணன் வருவானே, அவனப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே?”

எமக்கு முகம் எரிந்தது. உண்மையிலேயே நாம் அவனை மறந்திருந்தோம். இரண்டு வாரக் குறிப்புகளில் அந்த மூத்தவன் ஒரு வரியில்கூட இல்லை. வயலிலிருந்து வந்து, உள்ளே விருந்து நடப்பது தெரிந்து, வாசலைத் தாண்ட மறுத்தவன். தன் உழைப்பின் கணக்கைத் தந்தையிடம் ஒப்பித்தவன். இன்னொன்றையும் மறந்திருந்தோம். திரும்பி வந்தவன் வழியெல்லாம் ஒரு மன்னிப்புரையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான்; அவன் அதைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நாம் மகனின் மன்னிப்புரையை விரித்துப் பேசிவிட்டு, தந்தை ஓடியதை விட்டுவிட்டோம். கதையின் செய்தி அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

“அவன் வந்திருந்தான்னு பாத்துத்தான் பேசினேன் ஐயா” என்றோம்.

“தெரியுமுங்க. நாந்தான் வரச் சொன்னேன்” என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஆடு மேய்க்கறவன் பேசற பேச்சு ரொம்பக் கம்மீங்க சார். கூட நடக்கறதுதான் வேல. கூட நடந்தவன் சத்தம் போட்டா ஆடு திரும்பும். நடக்காதவன் எவ்வளவு நல்லாக் கூப்பிட்டாலும் அது மேஞ்சுட்டேதான் இருக்கும்” என்றார்.

அந்த ஒற்றை மாலையில் நாம் திருந்திவிடவில்லை. தம்பியின் எண் எமக்குத் தெரியும். அழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் போயின. பின்னாளில் தம்பியே சொல்லித் தெரிந்தது: அந்நாட்களில் மாதம் ஒருமுறையேனும் ஐயர் பேருந்தேறித் திருப்பூருக்குப் போயிருக்கிறார். பட்டறை வாசலில் நின்று அவனோடு தேநீர் குடிப்பார். ஊர்ச்செய்தி சொல்வார். திரும்பி வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் புறப்படும்போது ஒன்றே ஒன்று சொல்வாராம்: “அப்பா உன்னப் பத்திக் கேட்டாருப்பா.”

அது பொய்யன்று. நாம் இல்லாத வேளைகளில் தந்தையார் அவரிடம் கேட்டிருக்கிறார். எம்மிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. மூத்த மகனின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க அவருக்கு இயலவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் உள்ளே ஏதோ இடறுகிறது.

2015 மார்கழியில் தந்தையார் படுக்கையில் விழுந்திருந்தார். ஓர் அந்தியில் ஐயர் தம்பியை அழைத்துவந்தார். ஐயர் ஜெபம் செய்யவில்லை, வசனம் வாசிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு அறையின் மூலைக்குப் போய் நின்றுகொண்டார். தந்தையார் தம்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“சோறு உண்டயா சாமி?”

தம்பி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டான். அவனும் வழியெல்லாம் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருப்பான். அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நாம் அப்போது அறைவாசலில் நின்றோம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் கூடத்தில். அம்மாவின் நகைகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன: இரட்டை வடச் சங்கிலி, கல் வைத்த தோடு. ஐயர் எம்மைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல், சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். நாம் போய் இலையறுத்து வந்து தம்பிக்குச் சோறு போட்டோம். அன்று எம்மால் இயன்றது அவ்வளவே. அவனோடு பேசியது மேலும் சில வாரங்கள் கழித்துத்தான்.

2016 தையில் தந்தையார் காலமானார். அடக்க ஆராதனையில் ஐயர் எட்டு நிமிடங்கள் பேசினார். மறைந்தவரின் நற்பண்புகளைப் பட்டியலிடவில்லை. அவரைப்போல் வாழுங்கள் என்று எங்களை ஏவவுமில்லை. “இவரு வேல செஞ்ச எடத்துல ஒரு வழக்கமுங்க. இங்கிருந்து வண்டி கெளம்போணும்னா, அந்தப் பக்கத்து ஸ்டேசன்காரரு லைன் கிளியர் குடுக்கோணும். நாமளா எடுத்துக்க முடியாது. இவருக்கு அது கெடச்சு ரொம்ப நாளாச்சு. ஒருத்தரு முன்னாடியே போயி, அந்தப் பக்கத்துல இருந்து குடுத்துட்டாரு” என்றார். பிறகு, கிறிஸ்து மரித்ததையும் எழுந்ததையும், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் இறந்தகாலத்தில் சொல்லி முடித்தார். முதல் வரிசையில் தம்பியும் நாமும் அருகருகே அமர்ந்திருந்தோம். ரயில்வேயில் ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களுள் இந்துக்களும் இசுலாமியரும் உண்டு. லைன் கிளியர் என்ற சொல் வந்த இடத்தில் அவர்கள் எல்லாரும் ஒருசேரத் தலையசைத்ததைப் பார்த்தோம்.

அந்த ஐயர் அடுத்த ஆண்டே வேறு சபைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். திருச்சபையின் வழக்கம் அது. அவர் பேசியவற்றை எவரும் பதிவு செய்யவில்லை. எழுத்தில் வந்தால் எட்டாம் வகுப்புக் கட்டுரையைப்போல்கூடத் தோன்றலாம். திங்கள்கிழமைகளில் அவர் ஏறியிறங்கிய படிகளை நீக்கிவிட்டால் அப்பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை. அவற்றோடு சேர்த்துக் கேட்டவர்களுக்கே அது செய்தியாயிற்று. பேச்சுக்கலையின் பட்டியலில் பிரசங்கம் இடம்பெறாதது சரிதானோ என்று சிலவேளை தோன்றுவது இதனால்தான்.

வகுப்பில் வியங்கோள் வினைமுற்றை நடத்தும்போது அதன் பொருள்களை வரிசையாகச் சொல்கிறோம்: வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். எல்லாம் ஒரே விகுதியில் வரும். பொருளை இடமே காட்டும். ஆராதனையின் இறுதியில் குருவானவர் கையுயர்த்திக் கூறும் ஆசீர்வாதமும் வியங்கோளில்தான் அமைந்திருக்கிறது. 2012இல் தம்பி கேளாமல் எழுந்து போனது அதைத்தான். இப்போது அவன் ஞாயிறுதோறும் திருப்பூரிலிருந்து வருவதில்லை. மாதத்தில் ஒருமுறை வருகிறான். வந்தால் முடியும்வரை இருக்கிறான். நகைகளைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

எம்மை இப்போதும் எப்போதாவது பிரசங்கிக்க அழைக்கிறார்கள். குறிப்பெடுத்து முடித்ததும், சிவப்பு மையால் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கிறோம். ஏவல்கள் மிகுந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவ்வாரம் யார் வீட்டுக்காவது போய்வருகிறோம். வீடு திரும்பிக் குடையை அதே ஆணியில் மாட்டும்போது, கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும், அந்தக் கேள்வி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.